ஆச்சி எழுதச் சொன்ன முழுப்புள்ளி

"எந்தக் கட்டடம்?" என்றார் அவர்.

கட்டடம் இல்லை என்றேன்.

"வகுப்பறை? நூலகம்?"

அதுவும் இல்லை.

"வாசலில் ஒரு வளைவாவது உண்டா? எங்கள் அப்பச்சி பெயரை எங்கே போடுவீர்கள்?"

என்னுடன் வந்திருந்த நண்பர் சற்று யோசித்துவிட்டு, "ரசீதில் போடுவோம்" என்றார். பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். நல்ல மனிதர். காபி கொடுத்தார், ஒரு தட்டு நிறையச் சீப்புச்சீடை கொடுத்தார், தன் தாத்தா ரங்கூனில் கடை வைத்திருந்த கதையை முக்கால் மணிநேரம் சொன்னார். பணம் மட்டும் கொடுக்கவில்லை. தேக்குத் தூண்களுக்கு நடுவே நடந்து வெளியே வரும்போது நண்பரின் கையிலிருந்த மஞ்சள் பை போன கனத்திலேயே திரும்பி வந்தது.

நாங்கள் பி.எட். படித்த பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்வித் துறைக்கு நிதி திரட்டக் கிளம்பிய கதை இது. எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் இதுவும் ஒரு வேண்டுகோள் கடிதமாகிவிடும். அப்படிப்பட்ட கடிதம் ஒன்றை எழுதிக் கையைச் சுட்டுக்கொண்டவன் நான். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஆண்டுதோறும் எங்கள் பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்காக மாணவ ஆசிரியர்கள் நாலைந்து பேர் வருவார்கள். அவர்களுக்கு வழிகாட்டி ஆசிரியர் என்ற பெயரில் பாடக்குறிப்பில் கையெழுத்துப் போடுகிறவர்களில் நானும் ஒருவன். நான் படித்த காலத்தில் பி.எட். ஓராண்டுதான். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பிறகு அது இரண்டு ஆண்டாயிற்று. பள்ளியில் கழிக்க வேண்டிய காலமும் இருபது வாரமாயிற்று. முதலாண்டில் நாலு, இரண்டாமாண்டில் பதினாறு. இது நல்ல மாற்றம் என்பதே என் கட்சி. நாற்பது பிள்ளைகளின் முன்னால் நிற்கக் கற்றுக்கொள்ள நாற்பது பிள்ளைகளின் முன்னால்தான் நிற்க வேண்டும். ஆனால் பகல் முழுவதும் இன்னொரு பள்ளியில் சம்பளமில்லாமல் நிற்க வேண்டிய அந்த இருபது வாரத்துக்குச் சோறு எங்கிருந்து வரும் என்று விதிமுறையில் ஒரு வரி இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆத்தங்குடிப் பக்கம். அப்பா தரையில் பதிக்கும் பூக்கல் அச்சடிக்கும் பட்டறையில் வேலை. ஆறாம் வகுப்புக்குச் சமச்சீர்த்தன்மை நடத்த வேண்டும். வழக்கமாக இந்தப் பாடத்துக்கு வண்ணத்துப்பூச்சி வரைந்த ஒரு சார்ட் வரும். அந்த வண்ணத்துப்பூச்சியை இருபது ஆண்டுகளாகப் பார்த்துப் பார்த்து அதன் மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதமே உண்டு. இந்தப் பெண் சாக்குப் பையில் எதையோ தூக்க முடியாமல் தூக்கி வந்தாள். மேசை மேல் வைத்தபோது நங்கென்று சத்தம். நாலு ஆத்தங்குடிக் கற்கள். மூலை உடைந்து பட்டறையில் கழித்துப் போட்டவை.

ஒரு கல்லை மட்டும் தூக்கிக் காட்டினாள். அதில் கால் பூதான் இருந்தது. மஞ்சளில் ஒரு இதழ், பச்சையில் ஒரு வளைவு, மூலையில் சிவப்பு. "இது முழுப் படமா?" என்று கேட்டாள். பிள்ளைகள் இல்லை என்றார்கள். தரையில் நாலையும் வைத்து, எப்படித் திருப்பினால் பூ வரும் என்று கண்டுபிடிக்கச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். இதுதான் எனக்குப் பிடித்தது. ஒதுங்கி நிற்பதுதான் பயிற்சிக்கு வருபவர்களுக்குக் கடைசியாக வரும் வித்தை. ஏழெட்டுப் பையன்கள் தரையில் மண்டியிட்டுக் கல்லைச் சுழற்றினார்கள். ஒருவன் முதல் திருப்பிலேயே தப்பாக வைத்தான், பூவுக்குப் பதில் காற்றாடி வந்தது. வகுப்பே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்காமல், "காற்றாடியை எத்தனை முறை திருப்பினால் மறுபடி அதே காற்றாடி?" என்று கேட்டாள். அன்றைய பாடக்குறிப்பில் இல்லாத சுழல் சமச்சீர்த்தன்மை அங்கே தானாக வந்து உட்கார்ந்தது. கடைசியில் ஒருவன் கையைத் தூக்கி, "மிஸ், இந்தக் கல் ஏன் இவ்வளவு வழவழப்பாக இருக்கிறது?" என்றான். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, அதன் அறைகளில் வண்ணச் சிமெண்டை ஊற்றி, பின்பக்கம் மணலும் சிமெண்டும் போட்டு அடைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பார்கள், அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது என்று அவள் சொன்னாள். நாற்பது ஆண்டு இந்தக் கற்களின் மேல் நடந்த எனக்கு அது புதுச் செய்தி.

மதிய உணவு இடைவேளையில் அவள் எதுவும் சாப்பிடவில்லை. விரதம் என்றாள். மறுநாளும் விரதம். மூன்றாம் நாள் எங்கள் சத்துணவு அமைப்பாளர் அம்மா என்னைப் பார்த்து, "சார், உங்கள் பி.எட். பிள்ளைக்கு எந்தச் சாமி இத்தனை விரதம் கேட்கிறது?" என்றார்.

நிதி திரட்டும் எண்ணம் அன்றைக்குத்தான் வந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மை அதுவல்ல. இரண்டு ஆண்டு கழித்து, பழைய மாணவர் கூட்டமொன்றில் யாரோ நினைவுப் பரிசு வாங்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அந்த விரதம் நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்தேன். வாயைத் திறந்தவன் தலையில் வேலை விழுவது எல்லாச் சங்கங்களுக்கும் பொது விதி.

முதலில் கடிதம் எழுதினோம். நான்தான் எழுதினேன். எழுத்தறிவித்தவன் இறைவன் என்று தொடங்கி, ஆசிரியப்பணி அறப்பணி, நாட்டின் தலையெழுத்து வகுப்பறையில் எழுதப்படுகிறது என்றெல்லாம் இரண்டு பக்கம். நூற்றைம்பது பேருக்கு அனுப்பினோம். பதில் போட்டவர்கள் மூன்று பேர். அதில் இருவர் ஒற்றுப்பிழை சுட்டியிருந்தார்கள். (தமிழாசிரியர்களுக்கும் கடிதம் அனுப்பியது என் தவறு.)

அடுத்ததாக, பணம் எதற்கு என்று ஒரு பட்டியல் போட்டோம். பஸ் கட்டணம், சார்ட், அச்சிடும் செலவு என்று வரிசையாக எழுதி, அப்போது பயிற்சியில் இருந்த ஒரு மாணவியிடம் காட்டினோம். அவள் படித்துவிட்டு மிக மரியாதையாக, "சார், டவுன் பஸ்ஸில் எங்களுக்குக் கட்டணம் கிடையாதே" என்றாள். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம். தினமும் பைக்கில் போகிற எங்கள் மூளைக்கு அது எட்டவில்லை. பிறகு அவள் சொன்னாள்: மாலையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாளாம். பள்ளி விட்டதும் பாடக்குறிப்பு எழுத வேண்டும், கற்பித்தல் கருவி செய்ய வேண்டும், ரெக்கார்டு முடிக்க வேண்டும். அதனால் அந்த நாலு மாதமும் கடைக்குப் போக முடியாது. திரும்பிப் போகும்போது அந்த இடத்தில் வேறு ஆள் இருக்கும். அப்புறம் சேலை. நாலே சேலையை வாரம் முழுக்கச் சுற்றிக் கட்டினால் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றாள். பட்டியலைக் கிழித்துப்போட்டு அவள் சொன்னதை எழுதிக்கொண்டோம்.

ஆனால் விட்டுப்போன கூலிக்கும் நாலு சேலைக்கும் யார் நன்கொடை கொடுப்பார்கள்? வளைவு கேட்ட பெரியவரிடம் போனது இந்தக் கட்டத்தில்தான்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செட்டிநாட்டில் கல்விக்குக் கொடுப்பது என்றாலே கண்ணுக்குத் தெரிவதைக் கட்டுவது என்று எங்களுக்குப் பழகிவிட்டது. அதற்குக் காரணமும் உண்டு. கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியாரின் கொடையால் 1929 இல் சிதம்பரத்தில் ஒரு பல்கலைக்கழகமே எழுந்தது. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 1947 இல் காரைக்குடியில் கலைக்கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1957 இல் இறந்தபோது அழகப்பருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. 1985 இல் அவர் பெயரில் பல்கலைக்கழகம் வந்தது. அவர் பெயர் எழுதாத சுவரைக் காரைக்குடியில் தேட வேண்டும், அந்தப் பெயருக்கு அத்தனை சுவரும் தகும்.

அழகப்பரைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஆய்வகத்தைச் சொல்வார்கள், பொறியியல் கல்லூரியைச் சொல்வார்கள். என் கண்ணில் படுவது வேறு. கலைக்கல்லூரி 1947, பொறியியல் கல்லூரி 1952. நடுவே 1950 இல் அவர் தொடங்கியது ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி. காரைக்குடியில் பொறியாளரை உருவாக்கும் முன்பே வாத்தியாரை உருவாக்கப் பணம் போட்டிருக்கிறார். மேடையில் யாரும் இதை நீட்டிப் பேசி நான் கேட்டதில்லை. பயிற்சிக் கல்லூரி என்பது எங்கள் ஊரில் எப்போதுமே மற்றதற்குப் பக்கத்து வீடு.

ஆனால் அழகப்பர்கள் இப்போது இல்லை. அந்தக் காலத்துப் பெரிய வீடுகளில் பாதி, கல்யாணத்துக்கும் அறுபதாம் வயதுச் சாந்திக்கும் மட்டும் திறக்கின்றன. சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது, பங்காளிகள் பதினாறு ஊரில் இருக்கிறார்கள். ஒரே ஆளிடம் போய்ப் பெரிய தொகை கேட்பது என்ற முறையே பூட்டின வீட்டுக் கதவைத் தட்டுவது போலத்தான்.

எனக்கு வழி காட்டியது என் அப்பாவின் பழைய பெட்டி.

அப்பா ஒரு செட்டியார் வீட்டில் கணக்கப்பிள்ளை. பிள்ளையார் சுழி போட்டு ஆரம்பிக்காத தாளை அவர் தாள் என்றே மதித்ததில்லை. அவர் எழுதிய பேரேட்டில் மகமை என்று ஒரு தனிப் பற்றுவரவு இருக்கும். வியாபாரத்தில் வருகிற ஒவ்வொரு தொகையிலும் தர்மத்துக்கென்று ஒரு சிறு பங்கு அங்கே போய் விழும். லாபமா நட்டமா என்று அது கேட்பதில்லை. அந்தப் பணத்தைச் செட்டியாரே கடனாக எடுத்தாலும் வட்டி எழுத வேண்டும் என்பார் அப்பா. கொடுக்கும் மனது இன்று இருக்கிறதா என்று யாரும் செட்டியாரைக் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்கே அந்தக் கணக்கில் இடமில்லை. கோயில் பக்கம் போனால் புள்ளி. நகரத்தார் என்கிற நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கு ஒன்பது கோயில்கள்; தத்தம் கோயில் ஏட்டில் கல்யாணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி. திருப்பணி என்றால் புள்ளிக்கு இவ்வளவு என்று வரி. லட்சாதிபதியும் ஒரு புள்ளி, அவர் கடையில் சம்பளத்துக்கு இருக்கிறவரும் ஒரு புள்ளி. கூடக் கொடுக்க நினைப்பவர் கொடுக்கலாம், ஆனால் புள்ளி புள்ளிதான்.

நான் நகரத்தார் இல்லை. அவர்கள் முறையைக் கடன் வாங்குகிறோமே என்று கொஞ்சம் கூச்சமாக இருந்தது. எங்கள் குழுவிலிருந்த செட்டியார் ஒருவர், "கடன்தானே, வட்டி போட்டுத் திருப்பிக் கொடு" என்றார்.

புதுக் கடிதம் அரைப் பக்கம். புள்ளிக்கு ஆண்டுக்கு 1,200 ரூபாய். எதற்கென்று நாலு வரி. கணக்கு எந்த நாளில் எங்கே வாசிக்கப்படும் என்று ஒரு வரி. அறமும் இல்லை, இறைவனும் இல்லை. முதலாண்டில் 143 புள்ளி சேர்ந்தது, 1,71,600 ரூபாய். மாதம் நூறு ரூபாயை யோசித்துச் செலவழிக்கிற இடைநிலை ஆசிரியர்களே அதில் பாதிக்கு மேல். வளைவு கேட்ட பெரியவரிடம் திரும்பப் போகவில்லை, எங்களுக்கு ரோஷம்.

பணம் வந்த பிறகுதான் சண்டை வந்தது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மூத்தவர் ஒருவர், முழுவதையும் மூலநிதியாகப் போட வேண்டும், முதலைத் தொடவே கூடாது என்றார். தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். முதல் பத்து லட்சம் சேரட்டும்; ஏழு வட்டி என்றால் ஆண்டுக்கு எழுபதாயிரம். விலைவாசி ஏறுமே, அதனால் வட்டியில் கால் பங்கு 17,500 ஐ மறுபடி முதலில் சேர். மீதி 52,500. ஐந்து பேருக்குத் தலைக்கு 10,500. சாகும்வரை கொடுக்கலாம், செத்த பிறகும் கொடுக்கலாம். தவறே கண்டுபிடிக்க முடியாத கணக்கு. ஆனால் பத்து லட்சம் சேரும்போது இப்போது பயிற்சியில் இருக்கிற பிள்ளைகளின் பிள்ளைகள் பள்ளிக்கு வந்துவிடுவார்கள் என்றேன். இரண்டு கூட்டம் இதிலேயே போயிற்று. கடைசியில் பாதிக்குப் பாதி. 85,800 வைப்பில் போனது. மறுபாதியில் எட்டுப் பேருக்குத் தலைக்குப் பத்தாயிரம், மீதி 5,800 ரசீதுப் புத்தகத்துக்கும் தணிக்கைக்கும். அவரும் என்னிடம் ஒரு மாதம் பேசவில்லை, நானும் சமாதானம் செய்யப் போகவில்லை. இன்னமும் அவர் சொன்னதுதான் சரியோ என்று சில இரவுகளில் தோன்றும்.

சட்டம் ஒரு பக்கம். பினாங்கில் இருக்கும் வகுப்புத் தோழன் பத்துப் புள்ளி போடுகிறேன் என்று துள்ளினான். அவன் இப்போது மலேசியக் குடிமகன். தமிழனாக இருந்தாலும் அவன் பணம் வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க மத்திய அரசின் பதிவு வேண்டும், புது தில்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரு குறிப்பிட்ட கிளையில் கணக்கு வேண்டும். எங்களிடம் இரண்டும் இல்லை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவன் தம்பி இந்தியக் கடவுச்சீட்டை விடவில்லை, அவன் பணத்துக்கு இந்தத் தடை இல்லை. அண்ணனுக்கு வருத்தம், தம்பிக்கு வெற்றிப் புன்னகை. கொட்டான் பின்னும் பெண்களிடம் கூடையாவது வாங்கி மாணவர்களுக்கு அனுப்புகிறேன் என்று அண்ணன் இன்னும் ஏதேதோ யோசித்துக்கொண்டிருக்கிறான்.

இன்னொரு சட்டச் சிக்கலும் வந்தது. அதைத் தீர்த்து வைத்தவர் பள்ளத்தூர் ஆச்சி.

எண்பதைத் தாண்டியவர். மகன்கள் வெளியூரில். பெரிய வீட்டின் இரண்டாம் கட்டில் ஒரு அறையும் அடுக்களையும்தான் புழக்கம். எங்கள் குழுவில் ஒருத்தி அவருடைய பழைய மாணவி. ஆச்சி அந்தக் காலத்தில் ஆசிரியப் பயிற்சி முடித்துச் சில ஆண்டுகள் ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்தவர் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கடிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். "சரி, தம்பி. ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லு" என்றார். ஆத்தங்குடிக் கல் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். விரதத்தையும் சொன்னேன். காலடியில் இருந்த கல்லைக் குனிந்து பார்த்தார். நாங்கள் உட்கார்ந்திருந்த தரையிலும் அதே கால் பூக்கள்தான்.

உள்ளே போய், டப்பாவிலிருந்து எடுத்த பணத்தோடு வந்தார். இருபத்து நாலு நூறு ரூபாய்த் தாள். "இரண்டு புள்ளி. ஒன்று எனக்கு, ஒன்று செட்டியாருக்கு."

நண்பர் பொருளாளர், நெளிந்தார். "ஆச்சி, ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வருமான வரியில் கழிவு கிடைக்காது. செக் இருந்தால்…"

"நான் எங்கே வருமான வரி கட்டுகிறேன்?" என்றார் ஆச்சி.

சட்டச் சிக்கல் அத்தோடு முடிந்தது. நண்பர் ரசீது எழுதத் தொடங்கினார். பேனா காகிதத்தில் பட்டதும் ஆச்சி கையைக் காட்டி நிறுத்தினார்.

"கோயில் ஏட்டில் அவர் போன பிறகு நான் அரைப்புள்ளி. அது அங்கே உள்ள வழக்கம், இருக்கட்டும். இங்கே என்ன எழுதுவாய்?"

"இங்கே எல்லாரும் முழுப்புள்ளிதான், ஆச்சி."

"அப்படியே எழுதிக் கொடு. முழுப்புள்ளி என்று எழுத்தால் எழுது."

எங்கள் ரசீதில் அப்படி ஒரு இடமே கிடையாது. தொகை என்ற கட்டத்துக்குக் கீழே, கோடில்லாத வெற்றிடத்தில், நண்பர் குண்டு குண்டாக எழுதினார். ஆச்சி அதை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். எங்களுக்கு வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் வந்தன. கிளம்பும்போது வாசல்வரை வந்து, "அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைத்ததா?" என்று கேட்டார். தகுதித் தேர்வு எழுதிவிட்டுக் காத்திருக்கிறாள், இப்போதைக்குத் தனியார் பள்ளியில் வேலை என்றேன். "காத்திருக்கட்டும். சாப்பிட்டுவிட்டுக் காத்திருக்கச் சொல்லு" என்றார்.

சென்ற தை மாதம் கணக்கு வாசித்தோம். கோட்டையூரில் ஒரு நண்பரின் வீட்டுப் பட்டாலையில், ஜமுக்காளம் விரித்து. அறுபது பேர் வருவார்கள் என்று நினைத்தோம், இருபத்தாறு பேர் வந்தார்கள். பொருளாளர் ஒவ்வொரு புள்ளியாகப் பெயர் சொல்லி வாசித்தார், ஊர் வாரியாக. வாசிப்பதைக் கேட்பது அலுப்பான வேலைதான். ஆனால் தன் பெயர் வரும்போது ஒவ்வொருவரும் இலேசாக நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். பள்ளியில் வருகைப் பதிவேடு வாசிக்கும்போது நடப்பது இதேதான். என்னோடு ஒரு மாதம் பேசாத வங்கி மூத்தவர் சுவரோரம் உட்கார்ந்து, தன் நோட்டில் தனியாகக் கூட்டிக்கொண்டே வந்தார்.

வாசித்து முடிந்ததும் அவர் கையைத் தூக்கினார். ஏதோ வட்டிக் கணக்கில் பிழை பிடித்துவிட்டார் என்று நினைத்தேன்.

"தேவகோட்டைப் பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போயிருக்கிறது. வாத்தியார் புள்ளி எங்கே?"

எந்த வாத்தியார் என்று நான் கேட்டிருக்கக் கூடாது. இருபத்தைந்து தலைகள் என் பக்கம் திரும்பின. ஊர் ஊராகப் போய் 143 புள்ளி சேர்த்தவன், இரண்டாம் ஆண்டுக்குத் தன்னுடையதைக் கட்டவே மறந்திருந்தான். பைக்குள் கைவிட்டேன், முந்நூறு ரூபாய் இருந்தது. போனில் அனுப்பலாம் என்றால் அந்தக் கெட்டிச் சுவர்களுக்குள் சிக்னல் இல்லை. எழுந்து, வாசல் திண்ணைக்குப் போய், போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து பொருளாளரின் குரல் கேட்டது: "வந்ததும் ரசீது போடுகிறேன், இப்போதைக்குப் பாக்கி என்று எழுதிக்கொள்ளுங்கள்."